கல்யாண கேசட்டை டிவிடியில் ஏற்றும்போது படம் ஆடுகிறதா, கறுப்பு வெள்ளையாக வருகிறதா? கோளாறு எங்கே? சரிசெய்வது எப்படி?

அலமாரியின் மேல் தட்டில், பழைய சூட்கேஸுக்குள், துணியில் சுற்றிவைத்த ஒரு வீடியோ கேசட். மேலே பேனாவில் எழுதிய மணமக்கள் பெயரும் தேதியும் பாதி அழிந்துபோயிருக்கும். 1980-களிலும் 90-களிலும் கல்யாணம் நடந்த பல வீடுகளில் இப்படி ஒரு கேசட் இன்னும் இருக்கிறது. அதில் இருப்பது தாலி கட்டும் காட்சி மட்டுமல்ல. இன்று உயிரோடு இல்லாத தாத்தா பந்தியில் நின்றுகொண்டு, "இந்த இலைக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துப்பா" என்று சொல்லும் குரலும் அதில்தான் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அந்தக் குரல் வேறு எங்குமே கிடையாது.

அந்தக் கேசட்டைக் காப்பாற்ற, வீட்டில் இருக்கும் டிவிடி ரெக்கார்டரிலோ, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரெக்கார்டரிலோ ஏற்றிவிடலாம் என்று பலர் முயற்சி செய்கிறார்கள். டெக்கில் கேசட்டைப் போட்டு, ஏவி வயரை மாட்டி, ரெக்கார்டு பட்டனை அழுத்தியதும்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. "படமே வரலையே", "கலர் போயிடுச்சே", "டிவியில நல்லாத்தான் தெரிஞ்சுது, டிவிடியில ஆடுதே" என்று ஆளாளுக்கு ஒரு புகார்.

இதில் பெரும்பாலான கோளாறுகளுக்கு மெக்கானிக் தேவையில்லை. எந்த இடத்தில் பிரச்சினை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் தப்பான இடத்தில் கை வைத்தால், திரும்பக் கிடைக்காத கேசட்டே வீணாகிவிடும் ஆபத்தும் உண்டு.

இப்போதே செய்ய வேண்டிய அவசரம் என்ன?

விஎச்எஸ் கேசட்டை ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-ல் அறிமுகப்படுத்தியது. மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் பசைபோன்ற ஒரு பூச்சில் ஒட்டிவைக்கப்பட்ட காந்தத் துகள்கள். படமும் ஒலியும் அந்தத் துகள்களில்தான் பதிந்திருக்கின்றன. வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த ஊரில் அந்தப் பூச்சு வருடத்துக்கு வருடம் பலவீனமாகிறது. கடலோர ஊர்களில் நாடாவில் பூஞ்சையும் பிடிக்கிறது.

கேசட் நன்றாக இருந்தாலும் அதை ஓட்ட டெக் வேண்டுமே? உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே 'டெட்லைன் 2025' என்ற பெயரில் ஒரு எச்சரிக்கை விடுத்தது. 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத காந்த நாடாப் பதிவுகளில் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும் என்பதுதான் அதன் சாரம். அந்த ஆண்டும் வந்து சேர்ந்துவிட்டது. அதற்காக, அதற்குப் பிறகு எந்தக் கேசட்டும் ஓடாது என்று அர்த்தமில்லை. தள்ளிப்போடப் போட வாய்ப்பு குறைகிறது, அவ்வளவுதான்.

முதல் வேலை: கோளாறு எங்கே இருக்கிறது?

படம் கேசட்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் பாதையில் நான்கு இடங்கள் இருக்கின்றன. கேசட்டும் டெக்கும் ஒன்று. நடுவில் இருக்கும் வயர் இன்னொன்று. ரெக்கார்டர் மூன்றாவது. டிஸ்க் நான்காவது. இந்த நான்கில் எது குற்றவாளி என்று தெரியாமலேயே பலரும் முதலில் ரெக்கார்டரைத்தான் திட்டுகிறார்கள்.

இதற்கு எளிமையான பரிசோதனை ஒன்று உண்டு. முதலில் டெக்கை நேரடியாக டிவியில் மாட்டிப் படத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயே கோடும் புள்ளியும் தெரிந்தால் பிரச்சினை கேசட்டிலோ டெக்கிலோதான்.

அங்கே நன்றாக இருந்தால், அடுத்து டெக்கை ரெக்கார்டரில் மாட்டி, ரெக்கார்டரை டிவியில் மாட்டி, பதிவு செய்யாமல் சும்மா ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இப்போது படம் கெட்டால் வயரிலோ, ரெக்கார்டரின் உள்ளீட்டு அமைப்பிலோ கோளாறு.

இதிலும் நன்றாக இருந்தால், ஐந்து நிமிடம் மட்டும் பதிவு செய்து அதே ரெக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே படம் கெட்டால் பதிவுத் தரமோ டிஸ்க்கோ காரணம். கடைசியாக, டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்து வேறொரு பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பரிசோதனைக்குக் கல்யாண கேசட்டைப் பயன்படுத்தவே கூடாது. போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஏதாவது ஒரு பழைய கேசட்டைத்தான் போட வேண்டும். நெடுநாள் ஓடாத டெக் நாடாவைச் சுருட்டி விழுங்கிவிடும் என்பது டெக் வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்த கதைதான்.

படமே வரவில்லை, திரை கறுப்பாக இருக்கிறது

இதற்குப் பெரும்பாலும் காரணம், ரெக்கார்டர் தப்பான வாசலில் காத்துக்கொண்டிருப்பதுதான். ரெக்கார்டரின் பின்பக்கமும் முன்பக்கமும் தனித்தனி உள்ளீடுகள் இருக்கும். அவற்றுக்கு எல்1, எல்2 என்றோ, ஏவி1, ஏவி2 என்றோ பெயர். வயரை முன்பக்கம் மாட்டிவிட்டு, ரெக்கார்டர் பின்பக்க உள்ளீட்டிலோ சேனல் 1-லோ நின்றுகொண்டிருந்தால் படம் எப்படி வரும்? ரிமோட்டில் 'இன்புட் செலக்ட்' பட்டனை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் போதும்.

இரண்டாவது தப்பு, 'அவுட்' என்று எழுதியிருக்கும் இடத்தில் மாட்ட வேண்டிய வயரை 'இன்' என்று எழுதிய இடத்தில் மாட்டுவது. டெக்கின் 'அவுட்'டிலிருந்து ரெக்கார்டரின் 'இன்'னுக்கு. ரெக்கார்டரின் 'அவுட்'டிலிருந்து டிவியின் 'இன்'னுக்கு. தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரே திசையில்தான் ஓட்டம்.

மூன்றாவது, ரெக்கார்டரின் எச்டிஎம்ஐ துளையைப் பற்றிய குழப்பம். வீட்டு டிவிடி ரெக்கார்டர்களில் எச்டிஎம்ஐ இருந்தால் அது பொதுவாகப் படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. அதன் வழியாக எதையும் உள்ளே அனுப்பிப் பதிவு செய்ய முடியாது. செட்டாப் பாக்ஸிலிருந்து பதிவு செய்ய நினைப்பவர்களும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயரைத்தான் நம்ப வேண்டும். கேபிள் டிவி டிஜிட்டலான பிறகு, ரெக்கார்டருக்குள் இருக்கும் பழைய டியூனரால் பயன் இல்லை. பாக்ஸில் எந்த சேனல் ஓடுகிறதோ அதுதான் பதிவாகும்.

கறுப்பு வெள்ளையாக வருகிறது

"எங்க கல்யாணம் கலர்லதானே எடுத்தாங்க?" என்று பதற வேண்டாம். கலர் நாடாவில்தான் இருக்கிறது, வழியில் தொலைந்துவிட்டது.

ஏவி வயரில் மஞ்சள் பின் வழியாக வெளிச்சமும் கலரும் ஒன்றாகக் கலந்து போகின்றன. அந்த மஞ்சள் பின்னைத் தவறுதலாகப் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளைகள் இருக்கும் இடத்தில் பச்சையில் செருகினால், அந்தத் துளை வெளிச்சத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். படம் தெளிவாக இருக்கும். கலர் மட்டும் இருக்காது.

ரெக்கார்டரின் மெனுவில் அந்த உள்ளீட்டுக்கு 'எஸ்-வீடியோ' என்று தேர்வாகியிருந்தாலும் படம் வராமலோ கலர் இல்லாமலோ போகலாம். சாதாரண விஎச்எஸ் டெக்குகளில் எஸ்-வீடியோ துளை பெரும்பாலும் கிடையாது. எனவே அதை 'வீடியோ' என்று மாற்றிவிட வேண்டும்.

வயர், மெனு இரண்டும் சரியாக இருந்தும் கலர் வரவில்லை என்றால், அடுத்த சந்தேகம் கேசட் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது.

அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் உருளுவது ஏன்?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் இருந்தது 'பால்' என்ற முறை. அதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளில் இருந்தது 'என்டிஎஸ்சி'. அதில் 525 கோடுகள், விநாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். கலரைப் பதியும் விதமும் வேறு.

டொரண்டோவில் நடந்த கல்யாணத்தையோ, நியூ ஜெர்சியில் நடந்த காதுகுத்தையோ உறவினர்கள் கேசட்டில் அனுப்பியிருந்தால் அது என்டிஎஸ்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பால் மட்டும் தெரிந்த டெக்கில் அதைப் போட்டால் படம் மேலும் கீழும் உருளும், கலர் போகும், பேச்சின் வேகமும் மாறிப்போகும். 'மல்டி சிஸ்டம்' டெக் இருந்தால்தான் அது ஒழுங்காக ஓடும்.

டெக் சரியாக ஓட்டினாலும் ரெக்கார்டரிலும் அதே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செட்டப் மெனுவில் 'டிவி சிஸ்டம்' என்ற இடத்தில் இது இருக்கும். ஒரு முறையில் பதிய ஆரம்பித்த டிஸ்க்கில் பாதியில் வேறு முறையைப் பதிய முடியாது. எனவே இந்தியக் கேசட்டுக்கு ஒரு டிஸ்க், அமெரிக்கக் கேசட்டுக்கு வேறொரு டிஸ்க்.

கோடு கோடாக, புள்ளி புள்ளியாக வருகிறது

இது டெக்கை நேரடியாக டிவியில் மாட்டும்போதே தெரிந்துவிடும். இதில் மூன்று விதம் உண்டு.

திரையின் குறுக்கே ஒரு பட்டை மாதிரி கோடுகள் வந்து, மெதுவாக மேலேயோ கீழேயோ நகர்ந்தால் அது 'டிராக்கிங்' பிரச்சினை. டெக்கின் உள்ளே ஒரு உருளை சுற்றுகிறது. பால் டெக்கில் அது நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். அந்த உருளையில் இருக்கும் ஹெட்கள் நாடாவில் சாய்வாகப் பதிந்திருக்கும் தடங்களைச் சரியாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு டெக்கில் பதிந்ததை இன்னொரு டெக்கில் ஓட்டும்போது கொஞ்சம் விலகும். ரிமோட்டிலோ டெக்கிலோ இருக்கும் டிராக்கிங் பட்டனைக் கூட்டிக் குறைத்து, கோடுகள் திரையை விட்டு வெளியேறும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

திரை முழுக்கப் பனி பெய்வது மாதிரி இருந்து, குரல் மட்டும் நன்றாகக் கேட்டால் ஹெட்டில் அழுக்கு. "நேத்து நல்லா ஓடுச்சு, இன்னைக்கு பாதியிலேயே இப்படி ஆயிடுச்சு" என்றால், அந்தக் கேசட்டே தன் பூச்சை உதிர்த்து ஹெட்டை அடைத்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஹெட் சுத்தம் செய்வதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். டெக்கின் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பஞ்சு நாரில்லாத மெல்லிய தோல் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து, உருளையின் பக்கத்தில் அசையாமல் லேசாக வைத்துக்கொண்டு, உருளையை மறு கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் தேய்த்தால் நகத்தைவிடச் சிறிய அந்த ஹெட் முறிந்துவிடும். காது குடையும் பட்ஸையும் பயன்படுத்தக் கூடாது. பஞ்சு நார் ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகே கேசட்டைப் போட வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, ஆங்காங்கே வெள்ளைக் கீற்று மின்னி மறைவது. அந்த இடத்தில் நாடாவின் பூச்சு உதிர்ந்திருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேசட்டுக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டக் கூடாது

கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி மாதிரியோ திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை ஒரு முறைகூட டெக்கில் போடக் கூடாது. பூஞ்சை ஹெட்டை அடைக்கும், ஒட்டிக்கொண்ட நாடா கிழியும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் அது பரவும். மூச்சில் போனால் உடம்புக்கும் ஆகாது.

அதைத் தனியாக ஒரு பையில் போட்டு மற்ற கேசட்டுகளிலிருந்து ஒதுக்கி வைத்து, நாடாவைத் திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவர்களிடம் கொடுப்பதே வழி. வெயிலில் காயவைப்பது, அடுப்பருகே வைப்பது போன்ற வைத்தியங்கள் நாடாவை வளைத்துவிடும்.

பூஞ்சை இல்லாத கேசட்டாக இருந்தாலும், பல வருடம் ஓடாமல் கிடந்ததை உடனே 'பிளே' செய்யக் கூடாது. முதலில் ஒரு முறை முழுக்க முன்னால் ஓட்டி, பிறகு முழுக்கப் பின்னால் சுற்ற வேண்டும். இறுகிக் கிடந்த சுருள் சீராகிவிடும்.

டிவியில் நன்றாக இருக்கிறது, ரெக்கார்டரில் மட்டும் ஆடுகிறதே?

அதிகம் பேரைக் குழப்பும் கோளாறு இதுதான். படத்தின் மேல்பகுதி கொடி மாதிரி ஒரு பக்கமாக வளைகிறது. தூண்கள் நெளிகின்றன. சில விநாடிக்கு ஒருமுறை படம் துள்ளுகிறது. ஆனால் அதே கேசட், அதே டெக், பழைய டியூப் டிவியில் ஒழுங்காகத் தெரிகிறது.

காரணம் இதுதான்: நாடா கொஞ்சம் நீண்டிருக்கும், டெக்கின் இழுவை கொஞ்சம் மாறியிருக்கும். அதனால் படத்தின் ஒவ்வொரு கோடும் வர வேண்டிய நேரத்தைவிடச் சற்று முன்னேயோ பின்னேயோ வந்து சேர்கிறது. பழைய டியூப் டிவி அந்தத் தள்ளாட்டத்தோடு தானும் சேர்ந்து ஓடி, அதைச் சமாளித்துவிடும். ரெக்கார்டர் அப்படி இல்லை. அது ஒவ்வொரு கோட்டையும் கடிகாரம் வைத்து அளந்து எண்களாக மாற்றுகிறது. நேரம் தவறி வந்த கோடு தவறிய இடத்திலேயே பதிந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்யும் கருவிக்கு 'டைம் பேஸ் கரெக்டர்', சுருக்கமாக டிபிசி என்று பெயர். வரும் கோடுகளைச் சிறிது நேரம் பிடித்துவைத்து, சீரான இடைவெளியில் வரிசையாக அனுப்புவதுதான் அதன் வேலை. விலை உயர்ந்த சில எஸ்-விஎச்எஸ் டெக்குகளில் இது உள்ளேயே இருக்கும். வீடியோ மாற்றிக் கொடுக்கும் நல்ல கடைகளில் தனியாகவும் இருக்கும்.

டிபிசி கிடைக்காதவர்கள் செய்யக்கூடியது, வேறொரு டெக்கில் போட்டுப் பார்ப்பது. ஒரே கேசட் ஒரு டெக்கில் ஆடும், இன்னொன்றில் அமைதியாக ஓடும். டிராக்கிங்கையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

அகலமான மங்கல் பட்டை ஒன்று திரையில் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தால் அது வேறு கதை. அது மின்சார 'எர்த்' கோளாறு. டெக், ரெக்கார்டர், டிவி மூன்றையும் எர்த் உள்ள ஒரே ஸ்விட்ச் போர்டில் மாட்டி, பின்னால் இருக்கும் கேபிள் டிவி வயரைக் கழற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

"காப்பி செய்ய அனுமதி இல்லை" என்று வந்தால்?

கடையில் விற்ற சினிமா கேசட்டுகள் பலவற்றில் 'மேக்ரோவிஷன்' என்ற தடுப்பு முறை இருந்தது. படத்துக்கும் படத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் சில துடிப்புகளைச் சேர்த்துவிடுவார்கள். டிவிக்கு அது தெரியாது. பதிவு செய்யும் கருவி மட்டும் குழம்பி, படம் இருண்டு இருண்டு வெளுக்கும். டிவிடி ரெக்கார்டர்கள் அதைக் கண்டுபிடித்ததும் பதிவையே நிறுத்திவிடும்.

அத்தகைய கேசட்டைப் பொறுத்தவரை அது கோளாறு அல்ல. ரெக்கார்டர் தன் வேலையைச் செய்கிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய தடுப்பை உடைப்பது, 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி குற்றம்.

ஆனால் சொந்தக் கல்யாண கேசட்டுக்கும் இந்த எச்சரிக்கை வருகிறதே? நாடா தேய்ந்திருந்தால், அந்த இடைவெளியில் வரும் இரைச்சலையே தடுப்புத் துடிப்பு என்று ரெக்கார்டர் தப்பாகப் புரிந்துகொள்வது உண்டு. ஹெட்டைச் சுத்தம் செய்வது, டிராக்கிங்கைத் திருத்துவது, டெக்கை மாற்றுவது என்று வரிசையாகச் செய்தால் பெரும்பாலும் போய்விடும். அப்படியும் போகவில்லை என்றால் டிபிசி உள்ள இடத்தில் கொடுப்பதே வழி.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது

தாலி கட்டும் நேரத்தில் அட்சதை தூவுகிறார்கள். அந்த இடத்தில் மட்டும் படம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறுகிறது. இது பதிவுத் தரத்தைக் குறைத்து வைத்ததன் விளைவு.

சாதாரண டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. அதில் எக்ஸ்பி முறையில் 1 மணி நேரம், எஸ்பியில் 2 மணி நேரம், எல்பியில் 4 மணி நேரம், ஈபியில் 6 மணி நேரம் பதியலாம். இடம் அதேதான், நேரம் கூடக் கூட ஒவ்வொரு விநாடிக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது. எக்ஸ்பியில் விநாடிக்குச் சுமார் 10 மெகாபிட் கிடைக்கும் என்றால், ஈபியில் 2 மெகாபிட்கூடக் கிடைக்காது. ஒரே பானை சோற்றைப் பத்துப் பேருக்கும் போடலாம், அறுபது பேருக்கும் போடலாம்; இலையில் விழும் அளவுதான் வேறு.

அட்சதை, பூ மழை, ஆரத்தி, வீடியோ லைட் வெளிச்சத்தில் பட்டுப் புடவையின் மினுக்கல் எல்லாம் விநாடிக்கு விநாடி மாறும் காட்சிகள். பழைய நாடாவின் இரைச்சலையும் ரெக்கார்டர் ஒரு அசைவாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனால் பழைய கேசட்டுக்கு அதிகப் பங்கு தேவைப்படுகிறது.

கல்யாண கேசட்டுகளில் பல 3 மணி நேர நாடாக்கள். அதை ஒரே டிஸ்க்கில் அடைக்க ஆசைப்பட்டு எல்பியில் போடாமல், எஸ்பியில் இரண்டு டிஸ்க்காகப் போடுவதே சரி. முகூர்த்தம் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் ஒரு டிஸ்க் என்று பிரித்துக்கொள்ளலாம்.

எஸ்பியில் போட்டும் கட்டம் வந்து, அதுவும் அமைதியான காட்சியில், எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் டிஸ்க்தான் காரணம். கைரேகை, தூசி, மட்டமான டிஸ்க் என்று ஏதாவது ஒன்று. வேறு நிறுவனத்தின் டிஸ்க்கில் முயற்சி செய்து பார்க்க வேண்டும். டிவிடி-ஆர் மட்டும் ஏற்கும் ரெக்கார்டர் உண்டு. டிவிடி+ஆர் மட்டும் ஏற்பதும் உண்டு. முன்பக்கத்தில் இருக்கும் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

இவை கோளாறே இல்லை

படத்தின் அடியில் ஒரு மெல்லிய கோடு கலைந்து கலைந்து தெரியும். ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடம் அது. எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு. பழைய டிவி படத்தின் ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளி மறைத்துவிட்டதால் அன்று யாரும் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரில் போட்டால் கை அசையும் இடத்தில் சீப்புப் பற்கள் மாதிரி கோடுகள் வரும். ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் தனித்தனியாகப் பதியும் பழைய முறையின் தன்மை அது. விஎல்சி போன்ற பிளேயரில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை ஆன் செய்தால் மறையும்.

"எல்லாரும் குண்டா தெரியிறாங்களே!" என்றால் குறை டிவி அமைப்பில். அன்றைய படம் 4:3 அளவு. இன்றைய அகலத் திரை அதை இழுத்துக் காட்டுகிறது. டிவியில் 4:3 என்று மாற்றினால் எல்லோரும் பழையபடி ஆகிவிடுவார்கள்.

பதிவு செய்யும் முன் இரண்டு சின்ன வேலை உண்டு. டெக்கின் மெனுவில் திரையில் எழுத்து காட்டுவதை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் 'பிளே' என்ற எழுத்தும் டிவிடியில் ஏறிவிடும். படம் இல்லாத இடத்தில் நீலத் திரை காட்டும் அமைப்பையும் அணைப்பது நல்லது. நாடா பலவீனமான இடங்களில் டெக் படத்தை மறைத்து நீலத்தைக் காட்டிவிடும்.

இந்த ரெக்கார்டரில் ஓடுகிறது, வேறு எதிலும் ஓடவில்லை

பதிவு முடிந்ததும் பலர் டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டுவிடுகிறார்கள். மகள் வீட்டு பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்'. காரணம், 'ஃபைனலைஸ்' செய்யவில்லை. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தை மற்ற கருவிகள் படிக்கும்படி டிஸ்க்கில் எழுதி முடிக்கும் வேலை அது. ரெக்கார்டரின் டிஸ்க் மெனுவில் இருக்கும். சில நிமிடம் ஆகும். ஒருமுறை செய்துவிட்டால் டிவிடி-ஆர் டிஸ்க்கில் மேற்கொண்டு எதுவும் பதிய முடியாது.

அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் டிஸ்க்கே வீணாகலாம். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது போனாலும் அதுவரை பதிந்தது கிடைக்காமல் போகலாம். டெக்கையும் ரெக்கார்டரையும் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டு செய்வது பாதுகாப்பு. ஹார்டு டிஸ்க் உள்ள ரெக்கார்டராக இருந்தால், முதலில் அதில் பதிந்து, சரிபார்த்து, பிறகு டிஸ்க்குக்கு மாற்றலாம். கேசட்டை ஒரே ஒரு முறை ஓட்டினால் போதும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் என்ன கேட்க வேண்டும்?

டிபிசி இருக்கிறதா, பூஞ்சையைச் சுத்தம் செய்வீர்களா, எந்தத் தரத்தில் ஏற்றுவீர்கள், டிஸ்க்கோடு ஃபைலாகவும் தருவீர்களா என்ற நான்கு கேள்விகள் போதும். முதலில் பத்து நிமிடம் மட்டும் ஏற்றிக் காட்டச் சொல்லலாம். மூலக் கேசட்டைத் திரும்ப வாங்காமல் வரக் கூடாது. பிற்காலத்தில் இன்னும் நல்ல கருவியில் எடுக்க வேண்டி வந்தால் அந்தக் கேசட் மட்டுமே ஆதாரம்.

டிவிடியில் ஏற்றிவிட்டால் போதுமா?

போதாது. வீட்டில் எழுதும் டிஸ்க்கில் தகவல் பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயில் பட்டால் அது வெளுக்கும். மேலே ஸ்டிக்கர் ஒட்டுவதும், பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதும் கெடுதல். இன்று வரும் பல லேப்டாப்களில் டிஸ்க் போடும் இடமே இல்லை.

எனவே டிஸ்க்கில் இருப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ ஒன்று என மூன்று பிரதிகள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

படம் முழுவதும் சரியாகவில்லை என்றாலும் பதிவை நிறுத்திவிட வேண்டாம். கோடு விழுந்த படமாக இருந்தாலும் முதலில் ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை அந்த நாடா ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை, தாத்தா சாம்பார் கேட்பது அதில் கேட்குமே!